கோழியும் வாஃபிளும் கிரேவியும்: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோழியும் வாஃபிளும் என்றாலே பலருக்கும் பொரித்த கோழியும் அதன்மேல் வழியும் மேப்பிள் பாகும்தான் ஞாபகம் வரும். நான் இங்கே சொல்லப் போவது அதிகம் படம் பிடிக்கப்படாத இன்னொரு வகை. கோழியை முழுசாகத் தண்ணீரில் வேகவைத்து, சதையைப் பிய்த்து, வேகவைத்த அந்தத் தண்ணீரையே கிரேவியாக்கி, சுடச்சுட வாஃபிள்மேல் ஊற்றிச் சாப்பிடுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வீட்டுச் சமையல் இது. அங்கே குடியிருந்த வருடங்களில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். நான் செய்து சாப்பிட்டவர்களும், தாங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைப் பதிலோடு எழுதியிருக்கிறேன்.

இது யாருடைய சாப்பாடு?

பென்சில்வேனியாவின் தென்கிழக்குப் பகுதியில் இருக்கும் ஜெர்மன் வழிக் குடும்பங்களுடையது. 1683-ல் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற ஊர் உண்டானது. அதிலிருந்து தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் மக்கள் அலை அலையாக வந்து லங்காஸ்டர், பெர்க்ஸ், லெபனான் பகுதிகளில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். இவர்களைப் 'பென்சில்வேனியா டச்சு' என்பார்கள். ஹாலந்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மானியர்கள் தங்கள் மொழியை 'டாய்ச்' என்பார்கள், அதோடு உறவுள்ள சொல்தான் இந்த 'டச்சு'.

பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். முட்டை இடுவது நின்றுபோன கோழி, சொந்த வெண்ணெய், பால், மாவு எல்லாம் வீட்டிலேயே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாக நிலைத்துவிட்டது. அதே நூற்றாண்டில் பிலடெல்பியாவின் விஸ்ஸாஹிக்கன் ஓடைக்கரை விடுதிகள் கெளுத்தி மீனும் வாஃபிளும், கோழியும் வாஃபிளும் போட்டுப் பேர் வாங்கியிருந்தன. ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டார்கள்.

இன்றைக்கும் அந்தப் பக்கத்துத் தேவாலயங்களும் தன்னார்வத் தீயணைப்புப் படைகளும் நிதி திரட்டக் கோழி-வாஃபிள் விருந்து வைக்கிறார்கள். நான் முதலில் சாப்பிட்டதும் தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேஜை போட்ட ஒரு கூடத்தில்தான். சுவரோரம் ஏழெட்டு வாஃபிள் மேக்கர்கள் வரிசையாக இருந்தன. வயதான ஒருவர் கரண்டி மாவோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார், மூடி மூடிக்கொண்டே போவார். திரும்பி முதல் இடத்துக்கு வரும்போது முதல் வாஃபிள் தயாராக இருக்கும். கையில் கடிகாரம் இல்லை, அவர் நடைதான் கணக்கு. தட்டில் வாஃபிள் விழுந்ததும் பக்கத்தில் நின்ற பெண்மணி ஒரு பெரிய அகப்பை நிறைய கோழியும் கிரேவியும் ஊற்றினார். கட்டங்களில் கிரேவி ஒவ்வொன்றாக நிறைந்து வழிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்படியென்றால் பொரித்த கோழியும் வாஃபிளும் எங்கிருந்து வந்தது?

அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமையலோடு வளர்ந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1938-ல் ஜோசப் வெல்ஸ் தொடங்கிய உணவகம் இதற்குப் பேர் போனது. ஜாஸ் கலைஞர்கள் கச்சேரி முடித்து நடுராத்திரிக்கு மேல் வருவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் கடந்திருக்கும், காலைப் பலகாரத்துக்கு நேரம் வந்திருக்காது. அந்த இடைப்பட்ட நேரத்துக்குப் பொரித்த கோழியும் வாஃபிளும் பொருந்திப் போனது. அப்புறம் 1975-ல் ஹார்லெமில் வளர்ந்த ஹெர்ப் ஹட்சன் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ராஸ்கோஸ் என்ற உணவகத்தைத் தொடங்கினார், மேற்குக் கரையிலும் இது பரவியது.

இரண்டுக்கும் பெயர் ஒன்று, சாப்பிடும் அனுபவம் வேறு. அங்கே மொறுமொறுப்பும் இனிப்பும் உப்பும். இங்கே கோழிச்சாறுதான் எல்லாம்.

'கிரேவி' என்றால் வெங்காயம் தக்காளி வதக்கிச் செய்யும் நம்ம கிரேவியா?

இல்லை. இதைத் தெளிவுபடுத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நம் ஊரில் கிரேவி என்றால் கெட்டியான மசாலாக் குழம்பு. அமெரிக்க வீடுகளில் கிரேவி என்றால் இறைச்சியிலிருந்து இறங்கிய சாற்றை, கொழுப்பில் வறுத்த மாவைக்கொண்டு கெட்டியாக்குவது. தக்காளி கிடையாது, மிளகாய் கிடையாது. உப்பும் மிளகும் கோழியின் ருசியும்தான். அதனால் சாறு சப்பென்று இருந்தால் மறைக்க எதுவுமே இல்லை.

எந்தக் கோழி வாங்க வேண்டும்?

முற்றிய கோழி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பக்கத்து வீட்டு அம்மா முட்டைக் கோழி ஓய்ந்த பிறகுதான் இதைச் செய்வார். அதன் சாறு நல்ல மஞ்சளாக, ஆறினால் கட்டியாக உறையும் அளவுக்குக் கனமாக இருக்கும். முற்றிய கோழியின் தோலிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் மெல்ல ஜெலட்டினாக இறங்குவதால் வரும் கனம் அது. நாட்டுக்கோழி வெந்த சாறு உதட்டில் ஒட்டும் என்போமே, அதே சங்கதி.

பிராய்லர்தான் கிடைக்கிறது என்றால் குறையொன்றும் இல்லை. தோலோடு, எலும்போடு, முழுக்கோழியாக ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட வாங்குங்கள். நம் கடைகளில் கேட்காமலேயே தோலை உரித்துவிடுவார்கள், அதனால் முதலிலேயே தோலோடு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கூடவே நாலைந்து கால் பாதங்களோ கழுத்து எலும்போ கேட்டு வாங்கிப் போட்டால் பிராய்லர் சாறும் கனத்துவிடும். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மட்டும் வைத்து இதைச் செய்யாதீர்கள். கறி வரும், சாறு வராது.

கோழியை எப்படி வேகவைப்பது?

பெரிய பாத்திரத்தில் கோழியை வைத்து, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும். ஒரு பெரிய வெங்காயம் பாதியாக வெட்டியது, இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி, பத்துப் பதினைந்து மிளகு, இரண்டு டீஸ்பூன் உப்பு போடுங்கள். பே இலை இருந்தால் ஒன்று போடலாம். அது இல்லையென்று நம் பிரிஞ்சி இலையைப் போட வேண்டாம். அதில் பட்டை வாசம் இருக்கும், சாறு பிரியாணிப் பக்கம் போய்விடும்.

கொதி வரும்போது மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அதை எடுத்துவிட்டு, தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். பலமாகக் கொதித்தால் கொழுப்பு சாறோடு கலந்து கலங்கிவிடும், நெஞ்சுக்கறியும் நார் நாராக வறண்டுபோகும். பிராய்லருக்கு ஒரு மணி நேரம் ஆகும். முற்றிய கோழிக்கு இரண்டரை மூன்று மணி நேரம்கூட ஆகலாம். தொடைமூட்டை அசைத்தால் தளர்ந்து கொடுக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் தொடையின் தடித்த பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கோழியை எடுத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் சதையைப் பிய்த்துவிடுங்கள். கத்தி வேண்டாம். விரலால் பிய்த்தால்தான் கிரேவி பிடித்துக்கொள்ளும் மாதிரி சொரசொரப்பாக வரும். துண்டு விரல் நீளம் இருக்கட்டும், பொடிப்பொடியாக்கிவிட்டால் கிரேவியில் காணாமல் போய்விடும். பிறகு எலும்பையும் தோலையும் மறுபடி சாற்றில் போட்டு இன்னும் முக்கால் மணி நேரம் சிறுதீயில் விடுங்கள். இந்த முக்கால் மணி நேரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பிராய்லர் சாறு தண்ணீராக இருக்கிறது என்ற புகார் வருகிறது. கடைசியில் வடிகட்டினால் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் சாறு கிடைக்கும்.

குக்கரில் வைக்கலாமா?

முற்றிய கோழிக்கு வைக்கலாம், நேரம் மிச்சமாகும். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விட்டு, பிரஷர் தானாக இறங்கும்வரை காத்திருங்கள். பிராய்லருக்கு வேண்டாம் என்பேன். நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடுகிறது.

முதல் நாளே செய்து வைக்கலாமா?

செய்து வைப்பதுதான் நல்லது. சாற்றை வடிகட்டி, சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். கறியைக் கொஞ்சம் சாறு தெளித்துத் தனியாக மூடி வைக்கலாம். காலையில் திறந்து பார்த்தால் சாற்றின் மேல் கொழுப்பு மஞ்சள் தட்டு மாதிரி உறைந்திருக்கும். ஓரத்தில் கரண்டி விட்டு நெம்பினால் முழுசாகக் கழன்று வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெண்ணெய்க்குப் பதில் பாதியளவு இதைச் சேர்த்துக் கிரேவி செய்தால் வரும் கோழி வாசம் வெண்ணெயில் மட்டும் செய்தால் வராது.

கிரேவி செய்யும் அளவு என்ன? எனக்குக் கட்டி கட்டியாகிவிடுகிறதே?

ஆறு பேருக்கு ஒரு லிட்டர் சாறு, 80 கிராம் கொழுப்பு, 80 கிராம் மைதா. கொழுப்பு என்றது வெண்ணெயோ கோழிக் கொழுப்போ இரண்டும் கலந்தோ இருக்கலாம். இந்த அளவில் கிரேவி கரண்டியின் பின்புறம் பூசினாற்போல் நிற்கும். இன்னும் இளசாக வேண்டுமென்றால் இரண்டையும் 60 கிராமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் கொழுப்பை உருக்கி, மைதாவைப் போட்டு, நடுத்தரத் தீயில் கிளறுங்கள். முதலில் பச்சை மாவு வாசம் வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது போய் பிஸ்கட் வாசம் வரும், மாவு நுரைத்து இளமஞ்சளாகும். அங்கே நிறுத்த வேண்டும். செந்நிறம் வரை வறுத்தால் ருசி வேறாகிவிடும், கெட்டியாக்கும் சக்தியும் குறைந்துவிடும்.

கட்டி விழுவதற்குக் காரணம் இதுதான். உலர்ந்த மாவு நேராகச் சூடான சாற்றில் விழுந்தால் உருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி மூடிக்கொள்கிறது, உள்ளே மாவு உலர்ந்தே இருக்கிறது. கொழுப்பில் வறுக்கும்போது ஒவ்வொரு மாவுத் துகளைச் சுற்றியும் கொழுப்பு பூசிக்கொள்வதால் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. அப்படியும் சாற்றை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. முதலில் ஒரு கரண்டி ஊற்றி விஸ்க்கால் கலக்குங்கள். கெட்டியான பசை மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம். இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி. பசை இளகி வழிய ஆரம்பித்ததும் மீதியை ஊற்றலாம். சாறு வெதுவெதுப்பாக இருந்தால் வேலை சுலபம்.

கொதி வந்த பிறகுதான் முழுக் கெட்டித்தன்மையும் தெரியும். அதற்குமுன் இளசாக இருக்கிறதென்று மாவைக் கூட்டிவிடாதீர்கள். கொதித்தபின் பத்து நிமிடம் சிறுதீயில் விட்டால் மாவு ருசி முழுதாக அடங்கும். கடைசியில் பிய்த்த கறி, கை நிறைய நறுக்கிய பார்ஸ்லி, தாராளமாகப் பொடித்த மிளகு, விரும்பினால் இரண்டு மேஜைக்கரண்டி கிரீம். உப்பைக் கடைசியில் பாருங்கள். அமுல் மாதிரி உப்பு வெண்ணெய் போட்டிருந்தால் பாதிதான் தேவைப்படும்.

எல்லாம் மீறிக் கட்டி விழுந்துவிட்டால் கறி சேர்க்குமுன் வடிகட்டிவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

படங்களில் கிரேவி பொன்மஞ்சளாக இருக்கிறது. மஞ்சள்தூள் போடுகிறார்களா?

குங்குமப்பூ. பென்சில்வேனியா டச்சு சமையலில் குங்குமப்பூவுக்கு நல்ல இடம் உண்டு. 1730-களில் சிலேசியாவிலிருந்து வந்த ஷ்வெங்க்ஃபெல்டர் என்ற மதக்குழுவினர் அதன் கிழங்குகளைக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். லங்காஸ்டர், லெபனான் பகுதிகளில் இன்றும் சில வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். ஒரு சிட்டிகையைக் கால் கப் சூடான சாற்றில் ஊறவிட்டு ஊற்றினால் போதும். மஞ்சள்தூள் நிறம் தரும், ஆனால் அதன் மண்வாசம் இந்தக் கிரேவியில் துருத்திக்கொண்டு நிற்கும். குங்குமப்பூ இல்லாவிட்டால் வெறுமனே விட்டுவிடுங்கள். முற்றிய கோழி என்றால் தானாகவே மஞ்சள் இருக்கும்.

வாஃபிள் மாவுக்கு அளவு?

மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மேஜைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி. இதை ஒரு பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். இன்னொன்றில் பால் 400 மில்லி, இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 100 கிராம். வெள்ளைக் கருவைத் தனியாக நுரை நிற்கும்வரை அடியுங்கள். ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, மாவு மறையும்வரை மட்டும் கலக்குங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடித்துக் கலக்கினால் மைதாவின் குளூட்டன் இழுபட்டு வாஃபிள் ரப்பராகும். கடைசியாக வெள்ளைக் கரு நுரையைச் சேர்த்து, கீழிருந்து மேலாக மடித்துவிடுங்கள். ஏழெட்டு மெல்லிய வாஃபிள் வரும்.

சர்க்கரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இனிப்புக்காக அல்ல, சிவப்பதற்காக. அந்த ஒரு கரண்டியைத் தாண்ட வேண்டாம். வெனிலா வேண்டவே வேண்டாம். இனிப்பு வாஃபிளுக்கான ஆயத்த மாவுப் பொட்டலத்தில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். கிரேவி ஊற்றியதும் வெனிலா வாசம் கிளம்பிக் கோழியைக் கெடுத்துவிடும்.

பாலுக்குப் பதில் பட்டர்மில்க் போடச் சொல்லும் குறிப்புகள் உண்டு. அது நம் நீர்மோர் அல்ல, கெட்டியாகப் புளித்தது. முக்கால் பங்கு தயிரும் கால் பங்கு தண்ணீரும் அடித்துக்கொண்டால் சரியாக வரும். அப்போது பேக்கிங் பவுடரை இரண்டு டீஸ்பூனாகக் குறைத்து, அரை டீஸ்பூன் ஆப்பசோடா சேருங்கள்.

எனக்கு வாஃபிள் இரண்டாகக் கிழிந்து மேலே பாதி, கீழே பாதி ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

பெரும்பாலும் சீக்கிரம் திறந்ததால். எனக்கும் முதல் நாலு வாஃபிள் அப்படித்தான் போயிற்று. பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, மேக்கரில் எரியும் விளக்கைப் பார்க்காதே, ஆவியைப் பார் என்றார். மாவு ஊற்றி மூடியதும் இரண்டு தட்டுக்கு நடுவிலிருந்து வெள்ளை ஆவி பொங்கி வரும். உள்ளே தண்ணீர் இருக்கிறது, இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். நாலைந்து நிமிடத்தில் ஆவி மெலிந்து, கடைசியில் ஒரு நூல் மாதிரி வரும். அப்போது மூடியைத் தொட்டுப் பாருங்கள். தானாகத் தூக்கிக்கொடுத்தால் எடுக்கலாம். பிடித்து இழுத்தால் மூடிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. இரும்பு நன்றாகக் காயாமல் ஊற்றுவது, மாவில் வெண்ணெயைக் குறைப்பது, முதல் வாஃபிளுக்குமுன் எண்ணெய் தடவ மறப்பது. தோசைக்கல் பழகுவது மாதிரி முதல் ஒன்று சரியாக வராமல் போகலாம், அடுத்தது வந்துவிடும்.

எந்த வாஃபிள் மேக்கர் நல்லது?

ஆழமான கட்டங்கள் உள்ள பெல்ஜிய வகையும் இருக்கிறது, மெல்லிய பழைய வகையும் இருக்கிறது. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் விற்ற பிறகுதான் தடித்த பெல்ஜிய வாஃபிள் அமெரிக்காவில் பெரிதாகப் பரவியது. அதற்கு முன்னால் வீடுகளில் இருந்தது மெல்லியதுதான். கிரேவிக்கு என் ஓட்டு மெல்லியதற்கே. விளிம்புவரை மொறுமொறுப்பாக வரும், ஒரு கடியில் வாஃபிளும் கோழியும் கிரேவியும் சம அளவில் வரும். பெல்ஜிய வகையில் மாவுப்பகுதி தூக்கலாக இருக்கும்.

அடுப்பில் வைத்துத் திருப்பிச் சுடும் இரும்பு வகையும் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலத்து டிராய் நகரத்தைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் 1869 ஆகஸ்ட் 24-ல் இதில் ஒரு திருத்தத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நாளைத்தான் அமெரிக்காவில் இன்றும் வாஃபிள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். கேஸ் அடுப்பு உள்ளவர்களுக்கு இது நல்ல தேர்வு.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் வாஃபிள் மேக்கர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட்டில் பிளக் முனையை மட்டும் மாற்றிச் சொருகினால் எரிந்துபோகும். இங்கேயே வாங்கிவிடுங்கள்.

மேஜைக்கு வரும்போது வாஃபிள் தொளதொளத்துவிடுகிறது. என்ன செய்வது?

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி போக இடமில்லாமல் வாஃபிளிலேயே இறங்கிவிடும். கம்பித் தட்டில் ஒற்றை வரிசையாக வைத்து, ஓவனை 95 டிகிரி செல்சியஸில் வைத்து உள்ளே விட்டால் இருபது நிமிடம் தாங்கும். மூடி போட்ட ஹாட்பாக்ஸ் கூடவே கூடாது.

ஆனால் நான் வீட்டில் செய்யும் வழி வேறு. கிரேவியும் கறியும் அடுப்பில் சூடாகத் தயாராக இருக்க வேண்டும், எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு முதல் கரண்டி மாவை ஊற்றுவேன். தோசை சுடுகிற நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது அடுத்தவருக்கு வரும். கிரேவியை மேஜையில் வைத்து அவரவரே ஊற்றிக்கொள்ளட்டும். ஊற்றிய மூன்று நிமிடத்துக்குள் சாப்பிட்டால் நடுவில் ஊறியும் ஓரத்தில் மொறுமொறுவென்றும் இருக்கும். அந்த இரண்டும் ஒரே வாயில் வரத்தான் இத்தனை பாடும்.

மசாலா சேர்க்கலாமா? பச்சை மிளகாய்?

உங்கள் அடுப்பு, உங்கள் விருப்பம். ஆனால் முதல் தடவை அப்படியே செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஸ்ட்யூ வைக்கும் வீடுகளில் மிளகாயைக் கட்டுப்படுத்துவார்கள் அல்லவா, அந்தக் கட்டுப்பாடுதான் இதற்கும் ருசி. காரம் வேண்டுமென்றால் மிளகைக் கூட்டுங்கள், இந்தக் கிரேவி எவ்வளவு மிளகையும் தாங்கும். ஒரு கொத்து தைம் இலையும் பொருந்தும். இஞ்சி பூண்டு விழுது போட்டால் நல்ல குழம்பு ஒன்று கிடைக்கும், இந்தச் சாப்பாடு கிடைக்காது.

மேப்பிள் பாகும் ஊற்ற வேண்டுமா?

இந்த வகைக்கு வேண்டாம்.

பக்கத்தில் என்ன வைப்பார்கள்?

மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பட்டாணி அல்லது சோளம், கிரான்பெரி சாஸ், ஆப்பிள் மசியல். எனக்குப் பிடித்தது பெப்பர் கேபேஜ். பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், குடைமிளகாய், வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிடுவது. கிரேவியின் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு நன்றாக ஈடுகொடுக்கிறது.

பொரித்த கோழியையே கிரேவியோடு செய்ய ஆசை. முடியுமா?

தாராளமாக. அமெரிக்கத் தெற்கில் பொரித்த கோழிக்குப் பாலில் செய்த வெள்ளைக் கிரேவி வைப்பார்கள். தொடைத் துண்டுகளை உப்புப் போட்ட கெட்டி மோரில் இரவு முழுக்க ஊறவைத்து, உப்பு, மிளகு, கொஞ்சம் பாப்ரிகா கலந்த மைதாவில் புரட்டி, 165 முதல் 175 டிகிரி எண்ணெயில் பொரியுங்கள். உள்ளே 74 டிகிரி வந்தாக வேண்டும், எலும்போடு இருந்தால் கால் மணி நேரம் பிடிக்கும். பொரித்த எண்ணெயில் மூன்று மேஜைக்கரண்டியை அடியில் தங்கிய துகளோடு விட்டுவைத்து, மூன்று மேஜைக்கரண்டி மைதா வறுத்து, அரை லிட்டர் பால் ஊற்றிக் காய்ச்சி, நிறைய மிளகு போட்டால் கிரேவி தயார். துகள் கருகியிருந்தால் அந்த எண்ணெயைத் தொடாதீர்கள், கசந்துவிடும்.

முட்டை இல்லாமல், மைதா இல்லாமல்?

முட்டையைத் தவிர்ப்பவர்கள் மேலே சொன்ன தயிர்க் கலவையில் செய்யலாம். கொஞ்சம் கனமாக வரும், மொறுமொறுப்பு குறையாது. மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றலாம், அப்போது பாலை இன்னும் ஐம்பது மில்லி கூட்டுங்கள். கால் பங்கை மெல்லிய சோள மாவாக மாற்றுவது எனக்குப் பிடிக்கும். கடைகளில் கார்ன்ஃபிளவர் என்று விற்கும் வெள்ளை மாவு அல்ல, மக்காச்சோளம் அரைத்த மஞ்சள் மாவு.

மிஞ்சினால் எவ்வளவு நாள் வைக்கலாம்?

கறி சேர்த்த கிரேவியை ஃபிரிஜ்ஜில் மூன்று நாள் வைக்கலாம். சூடாக்கும்போது கட்டியாக இருக்கும், கொஞ்சம் சாறோ பாலோ விட்டு, கிளறிக்கொண்டே கொதிவரை கொண்டுபோங்கள். ஃபிரீசரில் வைத்த கிரேவி உருகும்போது திரிந்த மாதிரி தெரியலாம், சூட்டில் விஸ்க்கால் கலக்கினால் சேர்ந்துவிடும்.

வாஃபிளை நன்றாக ஆறவிட்டு, நடுவில் பட்டர் பேப்பர் வைத்துப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். எடுத்ததும் நேராக டோஸ்டரில் போடுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். நான் எப்போதும் நாலைந்து கூடுதலாகச் சுட்டு வைப்பேன். அடுத்த முறை வேறு எதற்காகவாவது கோழி வேகவைத்தாலும் ஒரு லிட்டர் சாற்றைத் தனியாக எடுத்து உறையவைத்துவிடுவேன். அப்புறம் ஒரு வேலைநாள் சாயங்காலம் இந்தச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதும்.